தொலைநோக்கி கண்டுபிடித்த சிவப்பு நட்சத்திரம்

ஒரு மொட்டைமாடியில் மூன்று கால்களில் ஒரு தொலைநோக்கி நின்றது. பக்கத்து நாற்காலியில் ஒரு பைனாகுலர் கிடந்தது. வானத்தைப் பற்றித் தொலைநோக்கி எதைச் சொன்னாலும் பைனாகுலர் "ஆமாம் ஐயா" என்று சொல்லும். என்றைக்காவது தன்னையும் வானியலாளர் என்று தொலைநோக்கி ஒப்புக்கொள்ளாதா என்ற ஆசைதான்.

ஒருநாள் இருட்டத் தொடங்கியபோது தொலைநோக்கி கூவியது. "புது நட்சத்திரம்! சிவப்பாக விட்டுவிட்டு எரிகிறது! இதற்கு என் பெயரைத்தான் வைக்க வேண்டும்."

கைப்பிடிச் சுவரில் இருந்த காக்கை சிரித்தது. "அது செல்போன் டவர் விளக்கு. அதன் கீழேதான் என் கூடு இருக்கிறது."

"லென்ஸ் இல்லாத கண்ணுக்கு என்ன தெரியும்?" என்றது தொலைநோக்கி. பிறகு பைனாகுலரிடம், "நீ சொல், அது நட்சத்திரம்தானே?" என்று கேட்டது.

பைனாகுலருக்கு டவரின் இரும்புக் கம்பிகள்கூடத் தெளிவாகத் தெரிந்தன. இருந்தாலும், "சந்தேகமே இல்லை ஐயா" என்றது.

"சபாஷ்! இன்றுமுதல் நீயும் வானியலாளர்தான்."

காக்கைக்குப் பொறுக்கவில்லை. நேராகப் பறந்துபோய் அந்த விளக்கின் மேலேயே உட்கார்ந்து, இரண்டு சிறகுகளையும் விரித்துக் காட்டியது.

அந்தத் தொலைநோக்கிக்கு எல்லாமே தலைகீழாகத்தான் தெரியும். அது நெடுநேரம் உற்றுப் பார்த்தது. பிறகு கூவியது:

"நட்சத்திரத்தில் உயிர் இருக்கிறது! கறுப்பாக, தலைகீழாகத் தொங்கிக்கொண்டு வாழ்கிறது!"

"அதை முதலில் பார்த்தது நான்" என்றது பைனாகுலர்.