அறுபத்தொன்றாவது படிவம்

நடுவயதுப் பெண்களின் பாலியல் நலம் பற்றிய ஆராய்ச்சி அது. பொற்கொடி கேள்வியில் ‘உடலுறவு’ என்றுதான் எழுதியிருந்தாள். நாகரிகமாக இருக்கட்டும் என்று பல்கலைக்கழகக் கமிட்டி அதை அடித்துவிட்டு ‘தாம்பத்தியம்’ என்று போட்டது. இதுவரை வந்த அறுபது பெண்களும் ‘திருப்தி’ என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அறுபத்தொன்றாவதாக வந்த செண்பகவல்லியும், “தாம்பத்தியத்துக்கு என்ன கொறை? ரெண்டு பொண்ணயும் கட்டிக்குடுத்தாச்சு” என்றாள்.

பொற்கொடிக்கு எரிச்சல் தாங்கவில்லை. பேனாவை மேஜையில் போட்டாள்.

“அத கேக்கலக்கா. அது.”

“எதும்மா?”

இதைப் பற்றி ஆங்கிலத்தில் முன்னூறு பக்கம் எழுதியவள் அவள். கமிட்டி அடித்த அந்தச் சொல் இப்போது அவள் வாயிலும் வரவில்லை. செண்பகவல்லி கொஞ்ச நேரம் அவள் முகத்தையே பார்த்தாள். பிறகு எழுந்துபோய்க் கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

“அதுவா. பதினோரு வருஷமாச்சு.”

பொற்கொடி பேனாவை எடுத்து, படிவத்தில் பழக்கத்தில் முன்பே எழுதியிருந்த ‘திருப்தி’யை அடித்தாள். பேனா தாளைக் கிழித்தது. செண்பகவல்லி அலமாரியில் கட்டி வைத்திருந்த அறுபது படிவங்களைப் பார்த்தாள்.

“அவங்ககிட்டல்லாம் நீ எதக் கேட்ட?”