தோள் உயரம்

"ஐயா, இடது கை! இன்னும் மேல... வானத்தைத் தாங்கச் சொன்னா, நீங்க பக்கத்து ஆள் தோளைத் தாங்குறீங்க!"

டீச்சர் சொன்னதும் எல்லோரும் சிரித்தார்கள். ஓய்வுபெற்ற பஸ் டிரைவர் மட்டும் சிரிக்கவில்லை. அவருடைய வலது கை தலைக்கு மேலே விறைப்பாக இருந்தது. இடது கை, கூரை இடித்தது போல, தோள் உயரத்தோடு நின்றுவிட்டது.

அடுக்குமாடிக் குடியிருப்பின் கார் நிறுத்துமிடம் அது. கார்களெல்லாம் வேலைக்குக் கிளம்பிப் போன பிறகு, காலியான இடத்தில் சீகுங் வகுப்பு நடக்கும். மூச்சோடு சேர்த்து மெதுவாகக் கைகால்களை அசைக்கும் சீனத்துப் பயிற்சி. மூட்டுவலிக்காரர்களும் சர்க்கரைக்காரர்களும்தான் அதிகம். மரக்கிளையில் கட்டித் தொங்கவிட்ட ஸ்பீக்கரிலிருந்து புல்லாங்குழல் வழிந்துகொண்டிருந்தது.

"பார்வை நேரா இருக்கணும். என் தலைக்கு மேல என்ன பாக்குறீங்க? காக்கா ஏதும் உக்காந்திருக்கா?"

"சும்மாதான் டீச்சர்."

"விடுங்க டீச்சர்" என்றார் அவருக்கு இடப்பக்கம் நின்ற முடிதிருத்துபவர். "காலமெல்லாம் மேல இருக்கற கண்ணாடியப் பாத்தே வண்டி ஓட்டினவரு. கண்ணு தானா போகுது."

டீச்சருக்குச் சிரிப்பு வரவில்லை. பின்வரிசையில் பாதிப் பேர் டிரைவரைப் பார்த்துச் செய்பவர்கள். அவர்களுடைய இடது கைகளும் தோளோடு நின்றிருந்தன.

வகுப்பு முடிந்ததும் அவரைத் தனியே கூப்பிட்டார்.

"வந்த புதுசுல உங்க கை இடுப்பைத் தாண்டல. இப்ப தோள் வரைக்கும் வந்திருக்கு, நல்ல விஷயம். ஆனா அங்கயே நின்னுடுச்சே. டாக்டர்கிட்ட காமிச்சீங்களா?"

"மெதுவாத்தான் வரும்னாரு."

"அடுத்த வாரத்துல இருந்து பின்பக்க ஹாலுக்குப் போயிடலாம்னு பாக்குறேன். செவுரு முழுக்கக் கண்ணாடி. கை எங்க நிக்குதுன்னு உங்களுக்கே தெரியும்."

டிரைவரின் முகம் வாடிவிட்டது.

"வேண்டாம் டீச்சர். இங்கயே இருக்கட்டுமே."

"வெயில் மண்டையப் பொளக்குது."

"உங்க எல்லாருக்கும் நான் தார்ப்பாய் கட்டித் தர்றேன். நான் மட்டும் வெளிய வெயில்ல நின்னுக்கறேன்."

"நல்ல கூத்தா இருக்கே! உங்களுக்காகத்தானே ஹாலே!"

"எனக்காகன்னா வேண்டவே வேண்டாம். உங்களைக் கெஞ்சிக் கேக்குறேன். இந்த இடத்தை மட்டும் மாத்தாதீங்க."

கிழவருக்கு என்ன பிடிவாதமோ என்று டீச்சர் யோசித்தார். பிறகு சொன்னார்:

"சரி, வெள்ளிக்கிழமை வரைக்கும் பாப்போம். அந்தக் கை ஒரே ஒரு தடவை காதைத் தாண்டட்டும், இங்கயே நடத்துறேன். தாண்டலைன்னா ஹால்தான். அப்புறம் பேச்சு மாறக்கூடாது."

வெள்ளிக்கிழமை எல்லோருடைய கண்ணும் டிரைவர் மேல்தான் இருந்தது.

"அண்ணே, பஸ்ல நிக்கறவன் மேல கம்பியப் பிடிக்கறான்ல? அத நெனச்சுக்கிட்டு ஒரே தூக்கு!" என்றார் முடிதிருத்துபவர்.

"நான் என்னைக்குடா நின்னேன்? உக்காந்துதானே ஓட்டினேன்."

புல்லாங்குழல் தொடங்கியது. வலது கை மேலே போனது. இடது கை வயிற்றைக் கடந்தது, நெஞ்சைக் கடந்தது. தோளருகே வந்ததும் நின்றது.

"கொஞ்சம்தான் ஐயா! விட்டுடாதீங்க!"

டிரைவரின் நெற்றி வியர்த்தது. டீச்சரின் தலைக்கு மேலே பார்த்தார். கண் கலங்கியது. கை அசையவில்லை.

"முடியலையா?"

"முடியல டீச்சர்."

"அப்ப திங்கட்கிழமையில இருந்து ஹால்."

அவர் வாயைத் திறப்பதற்குள் கிளையில் கட்டியிருந்த கயிறு நழுவியது. ஸ்பீக்கர் நேராக முடிதிருத்துபவரின் தலையை நோக்கி விழுந்தது. யாருக்கும் கத்தக்கூட நேரமில்லை. டிரைவரின் இடது கை விருட்டென்று தலைக்கு மேலே போய் அதைப் பிடித்துவிட்டது.

"அண்ணே! கை போயிடுச்சு! காதென்ன, உச்சந்தலையவே தாண்டிப் போயிடுச்சு! ஜெயிச்சிட்டீங்க!"

எல்லோரும் கை தட்டினார்கள். டீச்சர் மட்டும் தட்டவில்லை.

"இவ்வளவு சுளுவா வருதே... அப்புறம் ஏன் ஐயா இத்தனை நாளா நடிச்சீங்க?"

டிரைவர் ஸ்பீக்கரோடு கையை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டார். அப்போதும் அவர் பார்வை டீச்சரின் தலைக்கு மேலேதான் இருந்தது. முதல் தடவையாக டீச்சர் திரும்பி, அந்தத் திசையில் பார்த்தார்.

மூன்றாவது மாடி பால்கனியில், காயப்போட்ட துணிகளுக்கு நடுவே, சக்கர நாற்காலியில் ஒரு வயதான பெண்மணி. வலது கை தலைக்கு மேலே. இடது கை தோள் உயரத்தில். அந்த இடது கை மெல்லத் துவண்டு மடியில் விழுந்தது.

"என் வீட்டுக்காரி டீச்சர். வாதம் வந்ததுல இருந்து, இனிமே எதுக்குன்னு கையத் தூக்கவே மாட்டேன்னுட்டா. எனக்கும் இந்தக் கை வரலடி, ரெண்டு பேரும் சேர்ந்தே தூக்கலாம்னு பொய் சொல்லி வெச்சிருந்தேன். இப்பத்தான் தோள் வரைக்கும் வந்திருந்தா..."

மேலே, ஒற்றைக் கையால் சக்கரத்தைத் தள்ளிக்கொண்டு, கோணலும் மாணலுமாக அந்த அம்மா உள்ளே போனாள்.

டிரைவர் ஸ்பீக்கரை நிறுத்தி டீச்சரிடம் கொடுத்தார்.

"ஹாலுக்கே போயிடலாம் டீச்சர்."