ஊதாப் பக்கம்

"மறுபடியும் திருப்பிட்டியா?" என்று அப்பா கத்துவதில்தான் அந்த வீட்டில் பொழுது விடிந்தது.

"நீங்க திருப்பலாம், நான் திருப்பக்கூடாதா?" அம்மாவும் விடவில்லை.

எல்லாம் ஒரு படிகக் கல்லுக்காக. பாதி ஊதா, பாதி மஞ்சள், பளபளவென்று பாலிஷ் போட்டது. கடையில் பார்த்தபோதே இருவரும் அந்த ஊதாவில்தான் சொக்கிப்போனார்கள். வாங்கி வந்து கூடத்து மேஜையின் நடுவில் வைத்தார்கள். மேஜைக்கு இந்தப் புறம் அப்பாவின் நாற்காலி, அந்தப் புறம் அம்மாவுடையது. ஒருவருக்கு ஊதா தெரிந்தால் மற்றவருக்கு மஞ்சள்தான்.

விடுமுறைக்கு வந்திருந்த மகளுக்கு நாலே நாளில் காது புளித்துவிட்டது. டேப்பும் கையுமாக வந்து நின்றாள்.

"சின்னப் பசங்க தோத்தாங்க உங்ககிட்ட! கல்லை ஒரேயடியா ஒட்டிடறேன். ஊதா யார் பக்கம்? சொல்லுங்கப்பா."

"இதுல கேக்க என்ன இருக்கு? உங்கம்மா பக்கம்தான்! தினம் அவ பக்கம் திருப்பி வெச்சுட்டுக் குளிக்கப் போறேன். வர்றதுக்குள்ள என் பக்கம் மாத்திடறா!"

"ஆமா, மாத்தறேன்," என்றாள் அம்மா. "ஆசைப்பட்டு வாங்கின மனுஷன் மஞ்சளையே பாத்துட்டு உக்காந்திருந்தா எனக்கு மனசு கேக்குமா?"

மகள் டேப்பைக் கீழே வைத்துவிட்டு, அப்பாவின் நாற்காலியைத் தூக்கி அம்மாவுடையதோடு ஒட்டிப் போட்டாள். கல்லின் ஊதாவை அந்தப் பக்கம் திருப்பினாள்.

"போதுமா? ரெண்டு பேரும் சேர்ந்தே பாருங்க!"

அப்பா கல்லைப் பார்த்தார், நாற்காலிகளைப் பார்த்தார்.

"ஜன்னல் பக்கத்து நாற்காலியில நீ உக்காரு. அங்கேர்ந்துதான் நல்லாத் தெரியும்."

"வேணாம், நீங்க உக்காருங்க."

"சொன்னா கேக்க மாட்டியா நீ?"