யோரிட்டைக் கீழே இறக்கணும்

"யோரிட்டைக் கீழே இறக்கணும். அவன் இறங்கினாத்தான் நான் ஏற முடியும்."

வந்த வேகத்தில் சொன்னார் வீபே. மழைக்கோட்டைக்கூடக் கழற்றவில்லை. ஃபென்னாவின் அலுவலகத் தரையெல்லாம் ஈரம்.

இணையத் தேடலில் கடைகளை முன்னுக்குக் கொண்டுவருவதுதான் ஃபென்னாவின் பிழைப்பு. நெதர்லாந்தின் க்ரோனிங்கன் நகரில் 'சைக்கிள் ரிப்பேர்' என்று தட்டினால் முதலில் வருவது யோரிட் கடை. அந்த இடத்துக்கு ஊரில் உள்ள அத்தனை சைக்கிள் கடைகளும் முட்டி மோதுகின்றன. வீபேயின் கடை இருப்பது முதல் பக்கத்தின் அடியில்.

"செப்டம்பர்ல காலேஜ் பசங்க வந்து இறங்குவாங்க. பழைய சைக்கிளாப் பார்த்து வாங்குவாங்க, மறுநாளே பிரேக் பிடிக்காது. அந்த வேலை எனக்கு வரலைன்னா கடையை மூடிட்டுப் போகவேண்டியதுதான்."

"யோரிட் உங்களுக்கு என்ன பண்ணினார்?"

"ஒரே பட்டறையில ஒண்ணா வேலை பார்த்தோம்மா. மின்சார சைக்கிளையும் ரிப்பேருக்கு எடுப்போம்னான். மோட்டார் வச்சதெல்லாம் சைக்கிளாடான்னு கேட்டேன். கோவிச்சுக்கிட்டுத் தனிக்கடை போட்டுட்டான். இப்ப தெருவுல பார்த்தாக்கூட மூஞ்சியைத் திருப்பிக்கிறான்."

"நீங்க?"

"நான் அவனுக்கு முன்னாடியே திருப்பிக்குவேன்."

ஃபென்னா சிரிப்பை அடக்கிக்கொண்டாள்.

"நாலு பேரை விட்டு அவனைப் பத்தி மோசமா எழுத வையேன். 'செயினை மாத்தச் சொன்னா சைக்கிளையே மாத்திட்டான்'னு."

"அதெல்லாம் நான் செய்றதில்லை. முதல்ல உங்க நிலவரத்தைப் பார்க்கிறேன்."

வீபே முனகிக்கொண்டே காபிக் கோப்பையை எடுத்தார். கணினியைத் துழாவிக்கொண்டிருந்த ஃபென்னா சட்டென்று நிமிர்ந்தாள்.

"போன வருஷம் மூணாவது பக்கத்துல கிடந்திருக்கீங்க. எப்படி முதல் பக்கத்துக்கு வந்தீங்க, தெரியுமா?"

"என் வேலை சுத்தம். வேற என்ன?"

"அது மட்டும் இல்லை. நல்ல பேர் உள்ள ஒரு கடை, தன்னோட வெப்சைட்ல உங்க கடைக்கு லிங்க் கொடுத்திருக்கு. தேடல்ல அது பெரிய சிபாரிசு. அந்தக் கடை இறங்கினா நீங்களும் கூடவே இறங்குவீங்க."

"எந்தக் கடை?"

ஃபென்னா திரையைத் திருப்பிக் காட்டினாள். யோரிட் கடையின் வெப்சைட்.

'பெடலைப் பின்னால் மிதித்துப் பிடிக்கிற பிரேக்கா? என்னிடம் வராதீர்கள், வீபேயிடம் போங்கள். அவனைப் போல் கைதேர்ந்தவன் இந்த ஊரிலேயே கிடையாது. திட்டுவான், கண்டுகொள்ளாதீர்கள்.'

வீபே என்ற பெயரை ஃபென்னா தொட்டாள். அவருடைய கடையின் பக்கம் திறந்தது.

வீபே மறுபடி பழைய பக்கத்துக்குப் போகச் சொல்லி, அதைத் திரும்பத் திரும்பப் படித்தார். மழைக்கோட்டைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். கண் கலங்கிவிட்டது. "மழைத்தண்ணி" என்று துடைத்துக்கொண்டார்.

"யோரிட் விஷயத்துல இப்ப என்ன செய்யட்டும்?" என்றாள் ஃபென்னா.

"என் வெப்சைட்லயும் ஒரு வரி சேர்க்கணும்மா. எழுதிக்கோ." தொண்டையைச் செருமிக்கொண்டார். "மின்சார சைக்கிளா? அதெல்லாம் ஒரு சைக்கிளே கிடையாது. இருந்தாலும்... யோரிட்கிட்ட போங்க."