ஒரு நாள் ஓய்வு

சுருளிக்கு இடுப்பு கழன்று விழுகிற மாதிரி வலிக்கிறது. அழகர்மலை அடிவாரத்தில் புளியமரத்து நிழலில் மல்லாந்து கிடக்கிறான். இலைகளுக்குள் வெயில் சல்லடையாக இறங்குகிறது. குரங்கொன்று பக்கத்தில் கிடந்த தூக்குச்சட்டியை உருட்டிப் பார்த்துவிட்டு, ஒன்றுமில்லை என்று விட்டுப் போகிறது. "கண்ண மூடுங்க, இன்னிக்கு ஒருநா லீவுதானே" என்கிறாள் பெண்டாட்டி பாண்டியம்மாள். "மூடுனா, மில்லு வாசல்ல வேலைக்குக் காத்துக் கிடக்குற அம்புட்டுப் பேரு மூஞ்சியும் தெரியுது புள்ள." "எம் மூஞ்சி தெரியலையாக்கும்!" சிரித்தபடி அவன் புரண்டு படுக்கப் பார்க்கிறான், முடியவில்லை. ஆள் நிற்காத மிஷினை மில்லில் அன்றைக்கே வேறொருவனுக்குக் கொடுத்துவிடுவார்கள். அதனால் பக்கத்து மிஷின்காரன் பீர் முகமது, இந்நேரம் இருவர் மிஷினையும் ஒற்றை ஆளாக ஓட்டிக்கொண்டிருக்கிறான். நாளைக்கு வெள்ளிக்கிழமை. பீர் முகமது தொழுதுவிட்டு வரும்வரை, அந்த இரண்டையும் சுருளி ஓட்டித் தீர்க்கவேண்டிய கடன் நிற்கிறது.