கலக்காமல் விட்டது

துகள் இறங்கிக்கொண்டிருந்தது.

ஒரு மிளகில் பாதிகூட இருக்காது. விழுந்த வழியெல்லாம் ஊதா நிறத்தில் ஒரு நூலை விட்டுக்கொண்டே போய், தம்ளரின் அடியைத் தொட்டதும் படுத்துவிட்டது.

அவள் மூச்சை அடக்கிக்கொண்டு பார்த்தாள். மேசை ஆடினால் கெட்டது காரியம். மின்விசிறியைக்கூட நிறுத்தியிருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை, மதியம் மூன்று மணி. சன்னல் வெயில் தம்ளருக்குள் புகுந்து சுவரில் ஊதாவாக விழுந்தது. மேலே தெளிந்த தண்ணீர். கீழே மெல்ல விரிகிற புகை. வீடே தண்ணீருக்குள் இருப்பதுபோல இருந்தது.

பெண்கள் பள்ளியின் வேதியியல் ஆய்வகத்தில் பதினோரு வருடமாக உதவியாளர். பெர்மாங்கனேட் கரைவதை ஆயிரம் தடவை பார்த்தவள். இருந்தும் இன்று நெஞ்சு அடித்துக்கொண்டது.

காரணம் ரித்திகா.

ஏழாம் வகுப்பு படிக்கிறாள். கணவரின் மூத்த தாரத்து மகள். கல்யாணமாகி இவள் இந்த வீட்டுக்கு வந்து நாற்பத்தாறு நாள் ஆகிறது. பிள்ளை இன்னும் அவள் முகத்தைப் பார்த்து ஒரு வார்த்தை பேசியதில்லை. தோசை போதும் என்பதைக்கூடக் கூடத்தைப் பார்த்து அப்பாவிடம்தான் சொல்லும். அவர் அங்கிருந்தபடி இவளுக்குச் சொல்வார். அதற்குள் கல்லில் இன்னொரு தோசை வெந்துவிடும்.

ஒரே ஒரு தடவை. முகத்தைப் பார்த்து. திட்டினால்கூடப் போதும் என்றிருந்தது அவளுக்கு.

யோசனை சொல்ல ஆளுக்கா பஞ்சம்? சுடிதார் வாங்கிக் கொடு, பக்கத்தில் படுக்க வை, விடாமல் பேச்சுக் கொடு. அடிமேல் அடி அடித்தால் அம்மியும் நகரும் என்றாள் அவளுடைய அக்கா. பிள்ளை என்ன அம்மியா? அவளுக்குக் கோபம்தான் வந்தது.

இன்று காலையில் ரித்திகா பாடம் ஒப்பித்துக்கொண்டிருந்தாள். கரைபொருள், கரைப்பான், கரைசல். கரைபொருள், கரைப்பான், கரைசல். கசப்பு மருந்து விழுங்குகிற குரல்.

கேட்டுக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை. புண் கழுவ வைத்திருந்த பெர்மாங்கனேட் பொட்டலத்தைத் தேடி எடுத்தாள். எதில் போடுவது? வீட்டில் எல்லாமே எவர்சில்வர். எவர்சில்வருக்குள் நிறம் எங்கே தெரியும்?

அலமாரியில் ஒரே ஒரு கண்ணாடித் தம்ளர் இருந்தது. நீலப்பூ போட்டது.

ஆய்வகத்துக்காரிக்குக் கண்ணாடி என்றால் கண்ணாடி. யாருடையது என்று கேட்கத் தோன்றவில்லை.

இப்போது பின்னால் காலடி கேட்டது.

தூங்கி எழுந்த முகத்தோடு ரித்திகா. ஊதா நூல் அவிழ்ந்து அவிழ்ந்து அடியில் சேர்வதைக் கண் கொட்டாமல் பார்த்தாள். இவளுக்கு உள்ளுக்குள் பூரித்தது.

"அது எங்க அம்மா தம்ளர்."

தம்ளரைப் பார்த்துத்தான் சொன்னாள் ரித்திகா.

கோலப் போட்டியில் பரிசாக வந்த ஆறு தம்ளரில் ஐந்து உடைந்து மிஞ்சியது அது என்று கணவர் பிறகு சொன்னார். அலமாரி துடைக்கிற நாளில் அதை மட்டும் ரித்திகாவே எடுத்துத் துடைப்பாளாம். வேறு யாரும் தொட்டதில்லையாம்.

அம்மா தம்ளர் என்றதுமே அவள் கொட்டிவிடலாம் என்று கையை நீட்டினாள். ரித்திகா நகரவில்லை. முழங்காலைக் கட்டிக்கொண்டு தம்ளருக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டாள். கொட்டவும் பயம், வைத்திருக்கவும் பயம். அப்படியே விட்டுவிட்டாள்.

மறுநாள் சாயங்காலம்.

துகளைக் காணோம். நூலையும் காணோம். மேலிருந்து கீழ்வரை ஒரே நிறம். யாரும் கலக்கவில்லை.

கொட்டினாள். தம்ளருக்குள் பழுப்பு வளையம் ஒன்று மிஞ்சி நின்றது.

போகிற கறைதான். எலுமிச்சைச் சாறு போதும். ஆய்வகத்தில் இதுபோல எத்தனையோ கழுவியிருக்கிறாள். ஆனால் இது மிஞ்சிய ஒரே தம்ளர். அழுத்தினால் உடைந்துவிடும். அழுத்தாவிட்டால் போகாது. விரலெல்லாம் பழுப்பேறத் தேய்த்தாள். வளையம் போனது. நீலப்பூவின் பின்னால் ஒரு பொட்டு மட்டும் போகமாட்டேன் என்று நின்றது.

அவள் அழுதாள். குழாய் ஓடிக்கொண்டிருந்ததால் யாருக்கும் கேட்டிருக்காது.

கூடத்தில் கணவர் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தார். பள்ளிக்கூட நோட்டில் கையெழுத்துப் போடுவது எப்போதும் அவர் வேலை. ரித்திகா நோட்டோடு அவரைத் தாண்டி அடுப்படிக்கு வந்தாள்.

இவள் கையிலிருந்து தம்ளரை வாங்கினாள். வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். அந்தப் பொட்டைப் பார்த்தாள். பிறகு, எவர்சில்வர் தம்ளர்களுக்கு நடுவில் அதைக் கவிழ்த்து வைத்தாள்.

நோட்டை மேடைமேல் விரித்தாள்.

கரைதலுக்கு உன் வீட்டிலிருந்து ஓர் எடுத்துக்காட்டு தருக. கீழே உருண்டை எழுத்தில் நான்கே வரிகள்.

தண்ணீரில் ஒரு துகள் போட்டார்கள்.
யாரும் கலக்கவில்லை.
அதுவாகக் கரைந்தது.
ஒரு நாள் ஆனது.

அதற்கும் கீழே, பெற்றோர் கையொப்பம். பக்கத்தில் ஒரு கோடு, காலியாக. பேனாவின் மூடி கழற்றியிருந்தது.

"கையத் தொடச்சிட்டு வாங்க. நோட்டு நனஞ்சிரும்."

அவள் முகத்தைப் பார்த்துத்தான் சொன்னாள் ரித்திகா.

அவள் புடவையில் கையைத் துடைத்தாள்.

காய்ந்த கையை இன்னொரு தடவை துடைத்தாள்.