ஏழாவது குழியின் சரிவு

சுருட்டிய புல்தரை பாய்போல ஓரத்தில் கிடக்கிறது. இறுக்கிய மண் இளவெயிலில் மின்னுகிறது. கோல்ஃப் மைதானத்தின் ஏழாவது குழியைச் சுற்றிய இந்தச் சரிவு, இளவயதில் வடிவமைப்பாளர் ஆசையாக வரைந்தது. புல்லை ஒட்ட வெட்டும் இயந்திரம் வந்து, பந்து நிற்காமல் ஓடத் தொடங்கியபோது ஒருமுறை சரிவைக் குறைத்தார்கள். அன்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். இன்று, முதுமையில், அவரே பந்தைத் தட்டிப் பார்க்கிறார். அது குழிவரை ஏறி, தயங்கி, அவர் காலடிக்கே திரும்பி வருகிறது. "இன்னும் கொஞ்சம் செதுக்குப்பா," என்கிறார் மண்வெட்டியோடு நிற்பவரிடம். பின்னால் மனைவி இடுப்பில் கைவைத்து நிற்கிறாள். "இதையே நான் கேட்டப்ப, உனக்கு ஆடத் தெரியலைன்னீங்களே?" அவர் மெல்லக் குனிந்து பந்தை எடுத்து, சட்டையில் துடைத்து அவளிடம் நீட்டுகிறார். "இந்தா, நீ அடி. பந்து உனக்கு நிக்கிற வரைக்கும் சரிவை இறக்கலாம்."